உத்திரமேரூர் சுவரும் இரட்டை இன்ஜின் விமானமும்!

உத்திரமேரூரில் விமான நிலையம் கிடையாது. ரயில் நிலையம்கூடக் கிடையாது. சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் சாலைப் பயணம். செங்கல்பட்டு வழியாக வந்தாலும் சரி, காஞ்சிபுரம் வழியாக வந்தாலும் சரி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பாலத்துக்குக் கீழே பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும். பிறகு வயல், ஏரிக்கரை, பனைமரம், மறுபடியும் வயல்.

இப்படி ஓர் ஊருக்கும் கடல் தாண்டிப் பறக்கும் பெரிய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. அமெரிக்காவிலோ லண்டனிலோ துபாயிலோ இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை லீவுக்கு வரும்போது எந்த விமானத்தில் வருகிறான் என்று கேட்டுப் பாருங்கள். போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 என்று ஏதாவது ஒன்றைச் சொல்வான். எல்லாமே ஒரே ஜாதி விமானங்கள்: நடுவில் இரண்டு நடைபாதை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டே இரண்டு இன்ஜின். நள்ளிரவில் கீழே கடலைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில், 300 பேர் அந்த இரண்டு இன்ஜினை நம்பிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

முன்பின் தெரியாதவர் கையில் நம் உயிரையோ நம் ஊரின் ஏரியையோ ஒப்படைக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, 1,100 வருடங்களுக்கு முன்பே கல்லில் பதில் எழுதிவைத்த ஊர் உத்திரமேரூர். அதனால்தான் இந்தப் பயணம்.

ஓலை எடுக்க ஒரு சிறுவன்

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம், வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு. உயர்ந்த கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிறிய, அமைதியான கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கூட்டம் இருக்காது. சுவரைச் சுற்றி வரிவரியாக எழுத்துகள். அவற்றில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் ஊர்ச் சபை செய்துகொண்ட இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் 'குடவோலை முறை' என்று படித்தோமே, அது இதுதான்.

பாடப் புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது கவனிக்காத நுணுக்கங்கள் இந்தச் சுவரில் ஏராளம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் கட்டி, குடத்தில் போட வேண்டும். ஊரே கூடியிருக்க, வயதில் மூத்த பூசாரி ஒருவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்துவைத்து மாற்றிவிடக் கூடாதில்லையா! அவர் படித்த பிறகு, அங்கே இருக்கும் பூசாரிகள் எல்லோரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும்.

இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுத்து ஆறு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் போட்டியில் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது இன்னொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரும் கூடாது.

இதில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இது ஒரு பிராமண ஊரின் சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். பெண்களுக்கு இடமில்லை. ஏரியில் மண் சுமந்தவருக்கும் இடமில்லை. இன்று நாம் சொல்லும் ஜனநாயகம் இது ஆகாது. ஆனாலும், பொறுப்பை ஒருவரிடம் கொடுக்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும், எதையெல்லாம் எல்லோர் கண்முன்னும் செய்ய வேண்டும் என்று யோசித்திருக்கிறார்களே, அது பெரிய விஷயம்.

919-ல் எழுதிய ஏற்பாட்டை அவர்கள் இரண்டே வருடத்தில் திருத்தி மறுபடி எழுதினார்கள். வயது வரம்பு உட்பட மாறியது. இரண்டாவது ஏற்பாட்டின்படி 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். கல்லில் வெட்டிவிட்டோமே என்று அவர்கள் தயங்கவில்லை. பழைய விதி போதவில்லை என்றதும் புது விதியையும் கல்லில் வெட்டினார்கள்.

இனி விமானத்துக்கு வருவோம். அங்கேயும் கதை இப்படித்தான் போகிறது.

இரண்டு போதுமா?

அகலமான உடம்பும் இரண்டு இன்ஜினும் கொண்ட உலகின் முதல் பயணிகள் விமானம் ஏர்பஸ் ஏ300. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1969-ல் ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்த வேலை. 300 பேர் உட்காரலாம் என்று முதலில் திட்டமிட்டதால் அந்தப் பெயர். 1972 அக்டோபர் 28-ல் முதன்முதலாகப் பறந்தது. 1974 மே மாதம் ஏர் பிரான்ஸ் நிறுவனம் பாரிஸ் - லண்டன் தடத்தில் அதை விட்டது.

ஆரம்பத்தில் வியாபாரம் மந்தம்தான். அமெரிக்காவின் ஈஸ்டர்ன் நிறுவனத்திடம் 1977-ல் நான்கு விமானங்களைக் கொடுத்து, ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடமே, 1976-லேயே, அதை வாங்கி ஓட்டியது நம் இந்தியன் ஏர்லைன்ஸ். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்ற பெருநகரத் தடங்களில் ஏ300 பறந்தது. வரிசைக்கு 2-4-2 என எட்டு இருக்கை, நடுவே இரண்டு நடைபாதை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் "ஏர்பஸ்ல வந்தேன்" என்று சொன்னால், அது இந்த விமானமாகத்தான் இருக்கும்.

இன்ஜின் குறைந்தால் எரிபொருள் மிச்சம், பராமரிப்புச் செலவும் மிச்சம். சரி, ஒன்று நின்றுவிட்டால்? மிச்சம் ஒன்றுதானே இருக்கிறது?

இந்தப் பயத்துக்கும் ஒரு விதி இருந்தது. இரண்டு இன்ஜின் விமானம், ஒற்றை இன்ஜினில் 60 நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு விமான நிலையத்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே பறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1953-ல் விதித்தது. நம் பக்கத்துக் கடலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். சென்னைக்கும் அந்தமானின் போர்ட் பிளேருக்கும் நடுவே சுமார் 1,370 கிலோமீட்டர். நடுக்கடலில் ஓர் இன்ஜின் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அது விதிக்குள் வந்துவிடும். அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் நேர்கோட்டில் கடப்பது வராது. அதனால்தான் அந்தக் காலத்தில் பெருங்கடல் தாண்டிய விமானங்களுக்கு மூன்றோ நான்கோ இன்ஜின் இருந்தது.

இன்ஜின்கள் மேம்பட்டன. எத்தனை மணி நேரம் ஓடின, எத்தனை முறை நின்றன, ஏன் நின்றன என்ற கணக்கு சேர்ந்துகொண்டே வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து 1985-ல் விதியைத் திருத்தி 120 நிமிடம் வரை அனுமதித்தார்கள். 1988-ல் 180 நிமிடம். 2014-ல் ஏ350 விமானத்துக்குக் கிடைத்தது 370 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்கும் மேல். விமானம் நன்றாக இருந்தால் மட்டும் இந்த அனுமதி கிடைக்காது. அதை ஓட்டும் நிறுவனத்தின் பராமரிப்பும் பைலட்களின் பயிற்சியும் தனியாகச் சோதிக்கப்படும்.

நான்கு இன்ஜின் விமானங்களின் காலத்தை முடித்துவைத்தது இந்தத் திருத்தங்கள்தான். ஏ380-ன் கடைசி விமானம் 2021-லும், ஜம்போ என்று நாம் கொண்டாடிய 747-ன் கடைசி விமானம் 2023 ஜனவரியிலும் வாங்கியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

23 பக்கக் கேள்வித்தாள்

இந்த வரிசையில் போயிங் 777 பிறந்த விதம் சுவாரஸ்யமானது. 1990-ல் வடிவமைப்பைத் தொடங்கும்போதே எட்டு விமான நிறுவனங்களை அழைத்து உட்காரவைத்தார்கள். 23 பக்கக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, உங்களுக்கு எப்படிப்பட்ட விமானம் வேண்டும் என்று கேட்டார்கள். ஓட்டப்போகிறவர், பழுது பார்க்கப்போகிறவர் எல்லோரும் பேசினார்கள். இறக்கை ரொம்ப நீளமாக இருக்கிறது, விமான நிலையத்தில் இப்போதுள்ள இடத்தில் அடங்காது என்று ஒரு கேள்வி வந்தது. நுனியை மடக்கிக்கொள்ளும் இறக்கையை ஒரு தேர்வாக வைத்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை. ஆனால், அதே யோசனைதான் இன்றைய 777எக்ஸ் விமானத்தில் மடங்கும் இறக்கையாக வந்திருக்கிறது.

இதன் இன்ஜின் எவ்வளவு பெரியது தெரியுமா? 777-300இஆர் ரகத்தில் முன்பக்க விசிறியின் குறுக்களவு மட்டும் சுமார் 3.25 மீட்டர். நம் டவுன் பஸ்ஸின் அகலத்தைவிட அதிகம்! இறக்கையையும் சும்மா விடவில்லை. பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைவிட ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்பது விதி. 1995 ஜனவரியில் ஒரு முழு விமானத்தைக் கட்டிவைத்து, இறக்கையை முறியும் வரை மேல்நோக்கி வளைத்தார்கள். 154 சதவீதத்தில்தான் முறிந்தது. அந்த ஆண்டு ஜூன் 7-ல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தபோது, 180 நிமிட அனுமதி அதன் கையில் இருந்தது. ஏர் இந்தியா புதிதாக வாங்கிய 777 வந்தது 2007-ல், 787 வந்தது 2012-ல்.

நெல் வயலில் இறங்கிய ஏர்பஸ்

விதி எழுதிவிட்டால் மட்டும் விபத்து வராமல் போகுமா? போகாது. 1993 நவம்பர் 15-ல் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனது ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ300. அங்கே ஓடுபாதை சரியாகத் தெரியாததால் இறங்காமல் மேலே ஏறியது. அப்போது இறக்கையின் பின்பக்கம் இறக்கிவிட்ட மடல்கள், அதாவது ஃபிளாப்கள், உள்ளே போகாமல் நின்றுவிட்டன. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி நிலைமை. வேகம் வராது, எரிபொருள் மட்டும் தீரும். சென்னைக்குத் திரும்பி வரும் வழியில் எரிபொருள் போதாது என்று தெரிந்ததும் திருப்பதிப் பக்கம் திருப்பினார்கள். அங்கேயும் எட்டவில்லை. இரண்டு இன்ஜின்களும் நின்றுபோக, அவ்வளவு பெரிய விமானம் திருப்பதி அருகே ஒரு நெல் வயலில் இறங்கியது. உள்ளே இருந்த 262 பேரும் பிழைத்தார்கள். விமானம் அதன்பின் பறக்கவில்லை.

எல்லா நாளும் அப்படி முடிவதில்லை. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787, புறப்பட்ட சில நொடிகளில் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே தப்பினார். கீழே தரையில் இருந்தவர்களும் பலியானார்கள். அடுத்த மாதம் வந்த முதற்கட்ட அறிக்கை, புறப்பட்ட உடனேயே இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருள் போவது நின்றுவிட்டது என்று பதிவுசெய்தது.

விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டியைத் தேடுகிறோம். அதற்குக் காரணம் ஒன்றுதான். நடந்தது என்ன என்று யாராவது கணக்குக் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கு முழுசாக, எல்லோரும் படிக்கும்படி வெளியே வந்தால்தான் அடுத்த விமானத்தில் ஏறுகிறவர் நிம்மதியாகத் தூங்க முடியும்.

ஏரிகளுக்கு மேலே ஓடுபாதை

இவ்வளவு பெரிய விமானங்கள் இறங்க நீளமான, சமமான நிலம் வேண்டும். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை சுமார் 3.6 கிலோமீட்டர். ஒரு பக்கம் அடையாறு, மற்றப் பக்கங்களில் குன்றும் நகரமும். விரிவாக்க இடமில்லை என்கிறது அரசுத் தரப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் விமான நிலையத்துக்குள் புகுந்து, பல நாள் சேவையே நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அதனால் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இடம் பரந்தூர். உத்திரமேரூர் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாற்றுக்கு அந்தப் பக்கம், காஞ்சிபுரத்துக்கு வடக்கே. திட்டத்துக்குள் வருபவை 13 கிராமங்கள். அவற்றின் வீடுகளும் வயல்களும் ஏரிகளும், மழைநீரைக் கிழக்கே கொண்டுபோகும் கம்பன் கால்வாயின் பாதையும் அதில் அடங்கும். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து எதிர்த்து வருகிறார்கள். கிராம சபைக் கூட்டங்களில் அடுத்தடுத்துத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்துக்குக் கொள்கை அளவிலான ஒப்புதல் அளித்தது.

விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா? மேலே பறக்கிறவருக்கு ஒரு நியாயம், கீழே உழுகிறவருக்கு ஒரு நியாயம். வெளிநாட்டிலிருந்து நேராகச் சென்னையில் இறங்க ஆசைப்படுவதும் நம் பிள்ளைதான். ஏரிக்கரையில் வாழ்கிறவரும் நம் உறவுதான். தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால், இந்த வட்டாரத்தில் ஏரி என்றால் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை உத்திரமேரூரில் நின்றால் புரிந்துகொள்ளலாம். ஊரின் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பெயர், பல்லவர் காலத்திலிருந்து. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்த ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம்.

விமானத்தை வடிவமைக்கும்போது, அதை ஓட்டப்போகிறவரிடம் 23 பக்கம் கேள்வி கேட்டார்கள். விமானம் இறங்கும் நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் எத்தனை பக்கம் கேட்டோம்? அவர் சொன்ன பதிலை எங்கே எழுதிவைத்தோம்? மழைநீர் இனி எந்த வழியாகப் போகும், நிலம் இழப்பவர் எங்கே போவார் என்ற கணக்கை எல்லோருக்கும் புரிகிற தமிழில் ஊர் நடுவே வைத்தால், ஒப்புக்கொள்கிறவரும் மறுக்கிறவரும் ஒரே ஓலையைப் படித்துவிட்டுப் பேசலாம்.

போகும்போது...

வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு, அதே ஊரில் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் போங்கள். மூன்று தளங்களில் பெருமாள் காட்சி தரும் அழகான பழைய கோயில். அடுத்து ஏரிக்கரை. குளிர்காலமாக இருந்தால் தென்கிழக்கே பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. ரன்வே இல்லாமல் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளை அங்கே பார்க்கலாம். காலையில் கிளம்பினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குச் சென்னை திரும்பிவிடலாம். வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் அவசியம்.

குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். கல்வெட்டு எழுத்தை அவர்களால் படிக்க முடியாது, நம்மாலும் எளிதில் முடியாது. குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தது தங்கள் வயதுப் பையன்தான் என்று சொன்னால் போதும், நின்று கேட்பார்கள். கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது என்பதையும் கூடவே சொல்லிவையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் இன்று நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. நிலம், படிப்பு, ஆண், பெண் என்ற எந்த நிபந்தனையும் இல்லாமல், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் போகலாம். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். 921-ல் இந்த ஊர்ச் சபைக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே இப்போது நாற்காலி உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.